முதல் வேலை, நான்கு மொழி: ஜெலுத்தோங்கிலிருந்து வேலைக்குப் போகும் மாணவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

காலை ஆறரை மணி. ஜெலுத்தோங் பக்கத்தில் விரைவுச்சாலை ஏற்கெனவே நிறைந்துவிட்டது. கார்கள், மோட்டார்சைக்கிள்கள், தொழிற்சாலை பேருந்துகள் எல்லாம் தெற்கே பாயான் லெப்பாஸ் நோக்கிப் போகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேருபவர்கள், கல்லூரி முடித்தவர்களும் தொழில் பயிற்சிக்குப் போகும் மாணவர்களும்.

அவர்களில் ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். சூப்பர்வைசர் ஒரு வேலையை விளக்கிவிட்டு, "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்கிறார். உங்களுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் சுற்றி இருக்கும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். "ஓகே" என்கிறீர்கள்.

படிப்பில் குறை இல்லை, ஆங்கிலமும் ஓரளவு வரும். பிறகு ஏன் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை? பணியிடத் தொடர்பாடல் என்பது உண்மையில் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அழகாகப் பேசுவது அதில் ஒரு சின்னப் பகுதி மட்டுமே.

பினாங்கில் முதல் வேலைக்குப் போகும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

பினாங்கு ஏன் தனி?

1972-இல் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் சுதந்திர வணிக மண்டலம் அமைந்தது. அப்போதைய முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூ. இன்று ஜெலுத்தோங் கடலோரமாக ஓடும் விரைவுச்சாலைக்கு அவர் பெயர்தான். இன்டெல், ஏஎம்டி, ஹியூலட்-பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி உட்பட தொடக்க காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று பினாங்குக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இங்கேதான்.

உலக அளவில் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, பொதியும் பணியில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு என்று அரசாங்கம் குறிப்பிடுகிறது. அதில் பினாங்கின் பங்கு பெரியது.

இதனால் என்ன நடக்கிறது? ஒரே நாளில் உங்கள் வாய் நான்கு மொழிக்கு மாற வேண்டியிருக்கிறது. இயந்திரத்தை இயக்குபவரிடம் மலாய். பக்கத்து மேசைக்காரர்கள் தங்களுக்குள் ஹொக்கியன் பேசுவார்கள். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் வாடிக்கையாளருக்கு ஆங்கில இமெயில். மதிய உணவு நேரத்தில் கேன்டீனில் "என்னடா, சாப்டியா?"

நல்ல செய்தி என்னவென்றால், இது உங்களுக்குப் புதிது அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, மலாய் மொழி இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு, பிறகு ஆங்கிலத்தில் டிப்ளோமா என்று வந்தவர்கள் பலர். ஜெலுத்தோங் சந்தையில் அம்மாவோடு காய்கறி வாங்கப் போன பிள்ளைக்கே ஆளுக்கு ஏற்ப மொழி மாற்றத் தெரியும். அந்தத் திறமையை அலுவலகத்துக்குள் எடுத்துப்போகும்போதுதான் தயக்கம் வருகிறது.

பேச்சுப் போட்டிப் பேச்சு போதாதா?

நம்மில் பலருக்கு 'நன்றாகப் பேசுவது' என்றால் மேடைதான் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் மனப்பாடம் செய்து, கை உயர்த்தி, குரல் ஏற்றிப் பேசியிருப்போம். ஜெலுத்தோங்கிற்கும் பேச்சாளர் பெருமை உண்டு. 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கை 'ஜெலுத்தோங் புலி' என்றே நாடு அழைத்தது.

மேடை அனுபவம் கூச்சத்தைப் போக்கும். அது பயனுள்ளதுதான். ஆனால் மேடையில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். அலுவலகத்தில் பெரும்பாலான நேரம் கேட்பீர்கள். மேடையில் ஏழு நிமிடம் கிடைக்கும். அலுவலகத்தில் லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். மேடையில் யாரும் குறுக்கே கேள்வி கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் கேள்வி வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எங்கள் செய்தி அறையில் ஒரு பழக்கம் உண்டு. களத்தில் இருந்து அழைக்கும் நிருபர் முதல் வாக்கியத்திலேயே என்ன நடந்தது, எங்கே, எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். பின்னணி எல்லாம் பிறகு. அலைபேசி இணைப்பு எப்போது துண்டிக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மேலாளரின் கவனமும் அப்படித்தான். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள்.

உடல்மொழிதான் 93 விழுக்காடா?

பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி வரும் ஒரு ஸ்லைடு: தொடர்பாடலில் சொற்களுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. அதாவது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது கிட்டத்தட்ட முக்கியமே இல்லை!

இது தவறான புரிதல். இந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில் இருந்து வந்தவை. அங்கே சோதிக்கப்பட்டவை தனித்தனிச் சொற்கள். சொல்லும் குரலும் முகபாவமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதுதான் கேள்வி. உணர்வைப் பற்றிப் பேசாத இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார்.

ஒரு இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது என்பதை எந்த உடல்மொழியாலும் சொல்ல முடியாது. கைகுலுக்குவதையும் கண் பார்த்துப் பேசுவதையும் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதைவிட அதிக நேரத்தைச் சரியான சொல்லைத் தேடுவதில் செலவழியுங்கள்.

உடல்மொழி விஷயத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாம் தலையைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுவோம். நமக்கு அது "சரி". மற்றவர்களுக்கு அது "ஆமாம்"-ஆ, "இல்லை"-ஆ என்றே தெரியாது. எனவே தலையாட்டும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள்.

மரியாதைக்காக மென்மையாகச் சொன்னால் என்ன ஆகும்?

பெரியவர்களிடம் நேரடியாக "பிரச்னை" என்று சொல்லத் தயங்குவது நம் வளர்ப்பில் இருக்கிறது. "கொஞ்சம் லேட் ஆகலாம் போல இருக்கு சார்", "சின்ன இஷ்யூ தான்" என்று சுற்றி வளைத்துச் சொல்வோம். இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விமானத்துறையில் ஒரு பாடம் உண்டு.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் அவியான்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் நியூயார்க் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்தை நெருங்கியது. வானிலை மோசம், நெரிசல் அதிகம். விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது.

தலைமை விமானி தன் துணை விமானியிடம் ஸ்பானிய மொழியில், நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும்படி கூறினார். கட்டுப்பாட்டு அறையுடன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் துணை விமானி. எரிபொருள் குறைகிறது என்று அவர் சொன்னார், ஆனால் வேறு ஒரு பதிலின் கடைசியில் சேர்த்துச் சொன்னார். 'அவசரநிலை' என்ற அந்த ஒரு சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. நெரிசலான நேரத்தில் எரிபொருள் பற்றிப் பேசும் விமானங்கள் பல. கட்டுப்பாட்டாளர்களுக்கு இது வேறுபட்ட நிலைமை என்று புரியவில்லை.

விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் அவசரநிலையைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கத் தவறியதை அமெரிக்க விசாரணை அமைப்பு விபத்தின் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

அவருக்கு ஆங்கிலம் தெரியும். விஷயமும் தெரியும். கேட்பவர் உடனே செயல்படத் தேவையான சொல் மட்டும் வெளியே வரவில்லை. இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவில் வேலை செய்யும் நமக்கு இது நன்றாகப் புரியும்.

தொழிற்சாலையில் பெரும்பாலும் உயிர் போகாது. ஆனால் இரவு ஷிப்டில் பார்த்த ஒரு கோளாறைக் காலை ஷிப்டுக்குத் தெளிவாகச் சொல்லாமல் போனால், அடுத்த பன்னிரண்டு மணி நேரம் தவறான பொருள் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும்.

அப்போ கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது?

மரியாதையை வணக்கத்திலும் குரலிலும் வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தை நேராகச் சொல்லுங்கள். நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்:

- என்ன நடந்தது?
- அதனால் எது பாதிக்கப்படும், எப்போது?
- நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன்?
- உங்களிடம் இருந்து எனக்கு என்ன வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு.

இப்படிச் சொன்னால் பயன் குறைவு: "சார், அந்த ரிப்போர்ட்ல கொஞ்சம் பிரச்னை இருக்கு, டிரை பண்றேன்."

இப்படிச் சொன்னால் வேலை நடக்கும்: "சார், நாளை காலை பத்து மணி ரிப்போர்ட் தாமதமாகும். மூன்றாவது லைனோட டேட்டா இன்னும் வரல. ரெண்டு தடவை கேட்டுட்டேன். நீங்க அவங்க மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, மதியம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

இரண்டாவது பதிலில் கடினமான சொல் எதுவும் இல்லை. இதையே ஆங்கிலத்திலோ மலாயிலோ எளிய வாக்கியங்களில் சொல்லலாம். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. எண்ணும் நேரமும் பிசகக்கூடாது.

தவறு உங்களுடையது என்றால்? அதையும் முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "நான் தவறான ஃபைலை அனுப்பிட்டேன்" என்பது வலிக்கும் வாக்கியம்தான். ஆனால் மேலாளர் அதை வேறொருவர் மூலம் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது.

புரியவில்லை என்றால் எப்படிக் கேட்பது?

நான் பயிற்சி மாணவியாக இருந்தபோது நடந்த கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு நேர்காணலைப் பற்றி என் மேலாளர், "அதை ஐந்துக்குத் தள்ளிடும்மா" என்றார். நான் "ஓகே" என்றேன். மாலை ஐந்து மணி என்று நினைத்து விருந்தினருக்குத் தகவல் சொன்னேன். மேலாளர் சொன்னது ஐந்தாம் தேதியை. விருந்தினர் அன்று மாலை வந்து, ஆளில்லாத ஸ்டூடியோ வாசலில் காத்திருந்தார். மேலாளர் என்னைத் திட்டவில்லை. "ஓகே சொன்னியே, எதுக்கு ஓகே சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மறக்கவில்லை.

விமானிகளுக்கு இதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது. கட்டுப்பாட்டு அறை தரும் முக்கிய உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே பிடிபடும். இதை நீங்களும் செய்யலாம்:

"சரி சார், நான் புரிஞ்சுகிட்டது இதுதான்: வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள இருபது சாம்பிள் எடுத்து, அளவு குறிச்சு, உங்களுக்கும் தரப் பிரிவுக்கும் அனுப்பணும். சரியா?"

இது "எனக்குப் புரியல" என்று சொல்வதைவிடச் சுலபம். கேட்பவருக்கும் நீங்கள் கவனித்தீர்கள் என்று தெரியும். முழுவதும் புரியாவிட்டால், புரிந்த இடம் வரை சொல்லி நிறுத்துங்கள்: "அளவு எடுக்கிறது வரைக்கும் புரிஞ்சது. அதுக்கப்புறம் இன்னொரு தடவை சொல்றீங்களா?" முதல் மாதத்தில் இப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆறாவது மாதத்தில் அடிப்படையைக் கேட்டால்தான் சங்கடம்.

இமெயிலா, வாட்ஸ்அப்பா?

ஒரு எளிய கணக்கு: பிறகு யாராவது தேடிப் பார்க்க வேண்டிய விஷயம் என்றால் இமெயில். இன்றைக்கே முடிந்துவிடும் விஷயம் என்றால் வாட்ஸ்அப். உடனே முடிவு வேண்டும் என்றால் அழைப்பு, அல்லது நேரில் போய் நிற்பது.

இமெயில் எழுதும்போது:

- தலைப்பில் விஷயம் தெரிய வேண்டும். "ஹலோ", "அர்ஜென்ட்" தலைப்பு ஆகாது. எந்த ரிப்போர்ட், எந்தத் தேதி, என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.
- முதல் இரண்டு வரிக்குள் உங்கள் கேள்வி அல்லது கோரிக்கை வந்துவிட வேண்டும்.
- யார் செயல்பட வேண்டுமோ அவர் பெயர் 'டு' பகுதியில். தெரிந்தால் போதும் என்பவர்கள் 'சிசி'-யில்.
- தேதியை எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.
- நேரம் குறிப்பிட்டால் 'மலேசிய நேரம்' என்று சேருங்கள்.
- இணைப்பை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள். மறக்காது.

அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் வேறு வகை. அது மலாயில், முறையான கடித வடிவத்தில், "துவான்/புவான்" என்று தொடங்கி "செக்கியான், தெரிமா காசி" என்று முடியும். எஸ்பிஎம்மில் படித்த அதிகாரப்பூர்வக் கடித வடிவம் இங்கேதான் கைகொடுக்கும். அதை மறந்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு எச்சரிக்கை. நம் அலுவலகங்களில் எதற்கும் "நோட்டட்" என்று பதில் போடுவது வழக்கமாகிவிட்டது. 'பார்த்துவிட்டேன்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. செய்வீர்களா, எப்போது செய்வீர்கள் என்பது தெரியாது. "நோட்டட், மூணு மணிக்குள்ள அனுப்பிடுறேன்" என்று மூன்று சொல் கூடுதலாக எழுதினால், உங்களை யாரும் துரத்த வேண்டியிருக்காது.

"ஐ ஆம் ஆன் எம்சி": நம்ம ஊர் ஆங்கிலம் வெளியே புரியுமா?

சக ஊழியரிடம் "கேன் ஆர் நாட்?" என்று கேட்கலாம், "கேன் லா" என்று பதில் சொல்லலாம். அது குறுகிய, தெளிவான, நட்பான பேச்சு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே மொழியில் கலிஃபோர்னியாவுக்கு இமெயில் போனால் சிக்கல்.

மலேசியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாத சில சொற்கள்:

- எம்சி: மருத்துவ விடுப்பை நாம் இப்படிச் சொல்கிறோம். அமெரிக்கருக்கு இது நிகழ்ச்சி நடத்துபவரைக் குறிக்கும். உடல்நலக் குறைவால் விடுப்பு என்று முழுதாக எழுதுங்கள்.
- அவுட்ஸ்டேஷன்: வேலை நிமித்தம் வெளியூர் போயிருக்கிறேன் என்று எளிமையாகச் சொல்லுங்கள்.
- ரிவர்ட்: 'பதில் தருகிறேன்' என்ற பொருளில் நாம் எழுதுகிறோம். மற்ற பல இடங்களில் இதற்கு 'பழைய நிலைக்குத் திரும்புவது' என்றே பொருள். 'ரிப்ளை' என்று எழுதினால் குழப்பம் இல்லை.
- ஹேண்ட்ஃபோன்: மொபைல் என்றால் எல்லாருக்கும் புரியும்.

உச்சரிப்பு பற்றிக் கவலையா? அமெரிக்கர் போலப் பேச முயல வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' போன்று காதில் ஒன்றாக விழும் எண்களை "ஒன் ஃபைவ்", "ஃபைவ் சீரோ" என்று பிரித்துச் சொல்வது தொழிற்சாலைகளில் நல்ல பழக்கம்.

யாரை எப்படி அழைப்பது?

மலேசியப் பணியிடத்தில் பெயரே ஒரு பாடம்.

மலாய்க்காரர்களின் பெயரில் முதலில் வருவது அவரது சொந்தப் பெயர். 'பின்', 'பிந்தி' என்பதற்குப் பிறகு வருவது தந்தை பெயர். அகமட் பின் இஸ்மாயில் என்பவர் 'என்சிக் அகமட்'. 'என்சிக் இஸ்மாயில்' என்று அழைத்தால் அவருடைய தந்தையை அழைக்கிறீர்கள். சீனர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் முதலில் வரும். டான் மெய் லிங் என்பவர் 'மிஸ் டான்'.

நமக்கு? 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதற்குப் பிறகு இருப்பது அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஆனால் பன்னாட்டு நிறுவனங்களின் கணினிகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கவிதா ஏ/பி முருகன் என்பவருக்கு "டியர் முருகன்" என்று இமெயில் வரும். கோபப்பட வேண்டாம். இமெயிலின் முடிவில் "கவிதா" என்று மட்டும் கையொப்பமிடுங்கள். கூட்டத்தில் "ப்ளீஸ் கால் மி கவிதா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ போன்ற விருதுப் பட்டங்களை அவர் தம் அட்டையில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் எழுத்து மாறும்.

பன்னாட்டு நிறுவனங்களில் மேலாளரையே பெயர் சொல்லி அழைப்பார்கள். முதலில் வாய் வராது. "சார்" என்று சொன்னால் தவறில்லை. அவர் "ஜஸ்ட் கால் மி..." என்று சொன்ன பிறகு பழகிக்கொள்ளுங்கள். கேன்டீனில், ஷிப்டில் "அண்ணே", "அக்கா", "காக்", "அபாங்" என்று அழைப்பது உறவை வளர்க்கும். ஆனால் அதிகாரப்பூர்வக் கூட்டத்தில் பெயரும் பதவியும்தான்.

இன்னொன்று: மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். அவர் நீட்டினால் குலுக்குங்கள். இல்லையென்றால் வலக்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை வணங்கினால் போதும். பெண் அதிகாரியைச் சந்திக்கும் ஆண்கள் மட்டும் அல்ல, மலாய் ஆண்களைச் சந்திக்கும் பெண்களும் இதை நினைவில் வைக்கலாம்.

நேர்முகத் தேர்வில் என்ன சொல்வது?

"டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்" என்றால் பிறந்த ஊரில் இருந்து தொடங்க வேண்டாம். என்ன படித்தீர்கள், என்ன செய்யத் தெரியும், ஏன் இந்த வேலை என்று ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள்.

"ஒரு பிரச்னையை எப்படிச் சமாளித்தீர்கள்?" போன்ற கேள்விகளுக்கு 'ஸ்டார்' என்ற முறை பலரும் பரிந்துரைப்பது: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன். நாம் பெரும்பாலும் நிலைமையை நீட்டிப் பேசிவிட்டு, செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். அல்லது பணிவுக்காக "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்போம். குழுவைப் பாராட்டுங்கள். ஆனால் "அதில் என் பங்கு இது" என்றும் சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது. நேர்முகத் தேர்வாளருக்குத் தேவையான தகவலே அதுதான்.

எடுத்துக்காட்டுக்குப் பெரிய சாதனை தேவையில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் நடத்தியது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதியது, கல்லூரி விழாவில் உணவு தாமதமானபோது சமாளித்தது எல்லாமே ஏற்ற கதைகள்தான். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்ற எண்களைச் சேருங்கள்.

மியூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை எழுதியவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. அதன் பேச்சுப் பகுதியில் தனியாகப் பேசுவதும் குழுவாக விவாதிப்பதும் இருக்கின்றன. மற்றவர் சொன்னதைக் கேட்டு, அதில் இருந்து தொடர்ந்து பேசும் பயிற்சி அங்கே கிடைக்கிறது. அலுவலகக் கூட்டமும் அதேதான்.

வேலை விளம்பரத்தில் "மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்று பார்த்து நிறைய தமிழ் மாணவர்கள் விண்ணப்பமே போடுவதில்லை. அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் வேலைக்கு அந்த மொழி எதற்குத் தேவை என்று கேட்டுப் பார்க்கலாம். சீன நாட்டு வாடிக்கையாளர்களிடம் தினமும் பேசும் பணி என்றால் தேவை உண்மையானது. இல்லை என்றால், "எனக்கு மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் எழுதப் பேச வரும். இந்தப் பணியில் மாண்டரின் எந்த இடத்தில் பயன்படும்?" என்று பணிவாக, நேராகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் பதில் நிச்சயம் 'இல்லை'தான்.

தமிழுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. சென்னை, ஒசூர் வட்டாரங்களிலும் மின்னணுத் தொழில் வளர்ந்துவருகிறது. அங்கிருந்து வரும் பொறியாளரிடம் தமிழில் பேசும்போது, ஆங்கிலத்தில் இரண்டு கூட்டத்தில் வராத நெருக்கம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

ஆனால் இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். கூட்டத்தில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் எல்லாருக்கும் புரியும் மொழிக்கு மாறிவிடுங்கள். மற்றவர்கள் ஹொக்கியனுக்கு மாறும்போது நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் போதும். அப்படி நடந்தால், "சாரி, குட் வி டூ திஸ் இன் இங்லிஷ்?" என்று சிரித்தபடி கேட்கலாம். பெரும்பாலோர் உடனே மாறுவார்கள். வேண்டுமென்று ஒதுக்குபவர்களைவிட, கவனிக்காமல் பேசுபவர்களே அதிகம்.

எங்கே பழகலாம்?

- டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள்: 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி அமைப்பு. பினாங்கிலும் கிளப்புகள் உண்டு. தயாரிப்பு இல்லாமல் ஓரிரு நிமிடம் பேசும் பகுதிதான் வேலைக்கு மிகவும் உதவும்.
- பிஎஸ்டிசி: பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989-இல் தொடங்கப்பட்டது. அரசாங்கம், தொழில்துறை, கல்வித்துறை மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. தொழில்நுட்பப் பயிற்சியோடு பணியிடத் திறன்களையும் கற்றுத் தருகிறது.
- பினாங்கு டிஜிட்டல் நூலகம்: ஜெலுத்தோங்கில் இருந்து அதிகத் தூரம் இல்லை, கிரீன் லேனில் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து மாதிரி நேர்முகத் தேர்வு பற்றித் திட்டமிடலாம்.
- உங்கள் கைப்பேசி: ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் கேளுங்கள். முக்கியமான விஷயம் எத்தனையாவது விநாடியில் வந்தது என்று பாருங்கள். வாரம் மூன்று முறை செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சுருக்கமாக

முதல் வாரத்தில் மூன்று விஷயங்களை மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். பிரச்னைக்குப் 'பிரச்னை' என்றே பெயர் வையுங்கள்.

மூன்றாவது நாள் அந்தக் கூட்டத்தில் சூப்பர்வைசர் மீண்டும் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் புரிந்திருக்காது. நீங்கள் கையை உயர்த்தி, "யெஸ், ஒன் கொஸ்டின்" என்று தொடங்குங்கள். அடுத்தது தானாக வரும்.